பாதித் தலை

வலது பக்கம் வெட்டியாகிவிட்டது. இடது பக்கத்துக்கு வரும்போது சலூன்காரர் கத்தரியை மேசையில் வைத்துவிட்டு, "இதோ வந்துடறேண்ணே" என்று வெளியே போனார். டீ குடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். கழுத்தில் துணியோடு, பிடித்து வைத்த பிள்ளையார் போல நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். மனுஷன் வரவே இல்லை.

எனக்கு மூக்கு நுனியில் கோபம். பேருந்து நிலையத்தில் விசாரணைக் கவுண்டரில் உட்காருகிற யாருக்கும் அது வந்துவிடும். துணியை அவிழ்த்துப் போட்டுவிட்டு அடுத்த தெரு சலூனுக்குப் போனேன். அங்கிருந்தவன் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "யாரு சார் இப்படி அம்போன்னு விட்டது?" என்று கேட்டபடி என் நெற்றியில் கை வைத்தான். பழக்கமில்லாத கை. எனக்குப் பிடிக்கவில்லை, எழுந்து வந்துவிட்டேன்.

மறுநாள் கடை பூட்டியிருந்தது. தொப்பி போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். வேர்த்துக் கொட்டியதில் கழற்ற வேண்டியதாயிற்று. கவுண்டருக்கு வந்தவர்கள் பஸ்ஸை மறந்துவிட்டு என் தலையையே பார்த்தார்கள். ஒரு வயதான அம்மா குனிந்து, "தலையில ஆபரேஷனா தம்பி?" என்று அக்கறையாக விசாரித்தார். ஆமாம் என்று சொல்லிவைத்தேன். கவுண்டர் கண்ணாடியில் இருக்கிற அந்தத் துளை வழியாக என்னைப் பற்றி வந்த முதல் கேள்வி அதுதான்.

சாயங்காலம் கடைக்கு மேலே இருந்த அவருடைய அறைக்கே ஏறிப் போனேன். இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்றுதான் போனேன். கதவு தாழிடப்படவில்லை. அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் கிடந்தார். நேற்றைய சட்டை. அதில் என் முடி ஒட்டியிருந்தது.

"உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கு."

"வீட்ல ஏதாவது பிரச்சினையா?"

"பிரச்சினை பண்ண வீட்ல யாருண்ணே இருக்கா?"

"அப்புறம் என்னதான்யா உனக்கு?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "ஒரு பக்கம் முடிஞ்சுது. இன்னொரு பக்கமும் இருக்கேன்னு தோணிச்சு. அதை முடிச்சா இன்னொரு தலை வரும். அது முடிஞ்சா இன்னொண்ணு. கை ஓடல. வந்து படுத்துட்டேன்."

நான் பிடிபிடி என்று பிடித்தேன். கை கால் நன்றாக இருக்கிறது, கடை இருக்கிறது, இந்த வயதில் என்ன கேடு என்று மூச்சுவிடாமல் திட்டினேன். அவர் படுத்தபடியே, "நீங்க சொல்றது எல்லாம் சரிதாண்ணே" என்றார். எதிர்த்துப் பேசுகிறவனைத் திட்டலாம். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு அசையாமல் கிடப்பவரை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

"வேற எங்கயாவது வெட்டிக்கங்கண்ணே."

"எங்க போறது?" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். வாய் நிற்கவில்லை. "எனக்குன்னு யாரு இருக்கா? கல்யாணம் அமையல. அக்கா போன்ல பேசுறதோட சரி. மாசம் ஒரு தடவ நீதான் என் தலைய சாய்ச்சுப் பிடிக்கிற. வேற யாரு கையும் என்மேல படறதில்ல. நீயும் படுத்துட்டா நான் எங்க போவேன்?"

சொன்ன பிறகு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஓய்வு பெறப் போகிற வயதில் சொல்கிற பேச்சா அது. அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். நான் வாசல்வரை வந்துவிட்டேன்.

"காதுக்கு மேல மட்டும் பண்றேன்," என்று பின்னாலிருந்து குரல் வந்தது. "முழுசா கேக்காதீங்க."

"கேக்கல."

அன்றைக்கு அவ்வளவுதான் நடந்தது. கடைக்கு இறங்கி வந்து காதுக்கு மேலே கொஞ்சம் வெட்டியதும் அவர் கை நின்றுவிட்டது. அவர் மாடி ஏறிப் போனார், நானே ஷட்டரை இழுத்து மூடினேன். மறுநாள் இன்னும் கொஞ்சம். அதற்கு அடுத்த நாள் கத்தரியை எடுத்தார், வைத்தார், இன்றைக்கு முடியாது என்றார். சரி என்று வந்துவிட்டேன். என் தலையைப் பற்றி பேருந்து நிலையமே பேசியது. பேசிவிட்டுப் போகட்டும் என்று இருந்தேன்.

ஒரு சாயங்காலம் போனபோது அவர் வேறு ஒருவருக்கு வெட்டிக்கொண்டிருந்தார். இரண்டு பக்கமும் முடித்து, துணியை உதறி, அடுத்து என்னைக் கூப்பிட்டார். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. உள்ளே எங்கேயோ சுருக்கென்றும் இருந்தது. அன்றைக்குக் கை நிற்கவே இல்லை. மிச்சத்தையும் வெட்டி, பிடரியைத் தட்டிவிட்டு, பின்னால் கண்ணாடி காட்டினார்.

"முடிஞ்சுதுண்ணே. இனிமே அடுத்த மாசம் வந்தா போதும்."

நான் எழுந்திருக்க வேண்டும். முடியவில்லை. காலுக்கு ஒன்றும் இல்லை, நன்றாகத்தான் இருந்தது. வீட்டுப் பூட்டும், உள்ளே நான் காலையில் கழுவாமல் வைத்துவிட்டு வந்த ஒற்றைத் தட்டும் ஞாபகத்துக்கு வந்தன. போய் என்ன ஆகப் போகிறது என்று இருந்தது. அன்றைக்கு அவர் அப்படிக் கிடந்தபோது அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

அவர் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை, திட்டவும் இல்லை. துணியை எடுத்து மறுபடியும் என் கழுத்தில் கட்டினார். இடது கையால் தலையை மெல்லச் சாய்த்துப் பிடித்துக்கொண்டார். வெட்டுவதற்கு அங்கே எதுவும் இல்லை. கத்தரி என் காதுக்குப் பக்கத்தில் வெறும் காற்றை வெட்டிக்கொண்டிருந்தது.