உள்ளே உடையுற பொருள் எதுவும் இருக்கா

...இல்லை என்றுதான் சொன்னேன், அதுவும் டாக்டர் கேட்டு முடிப்பதற்குள் சொல்லிவிட்டேன், வீட்டில் யாருக்காவது சமீபத்தில் உதட்டில் கொப்புளம் வந்ததா என்று அவர் கேட்டபோது கொப்புளம் வரைக்கும்தான் வந்திருந்தார், அதற்குள் என் வாயிலிருந்து இல்லை குதித்துவிட்டது, யார் என்னை அவ்வளவு அவசரப்படுத்தினார்கள்... இடது கை மரத்துப்போய் அரைமணி நேரம் இருக்கும். மகள் என் தோளில் வாய் பிளந்தபடி தூங்குகிறாள். மூன்றரை வயது, ஐந்தாவது நாள். படுக்க வைத்தால் எச்சில் தொண்டைக்குள் இறங்கும், விழுங்கினால் எரியும், எரிந்தால் அழுவாள், அழுதால் இன்னும் எரியும், அதனால் ஜன்னலோரப் பிரம்பு நாற்காலியில் நான் நிமிர்ந்து உட்கார்ந்து அவளை மடியில் வைத்துச் சாய்த்துக்கொண்டால்தான் தூக்கம். உதட்டிலும் ஈறிலும் நாக்கிலும் புண், ஈறு வீங்கி, தொட்டால் ரத்தம். நாலு நாளாக ஒரு வார்த்தை பேசவில்லை, எது வேண்டுமானாலும் விரலைக் காட்டுகிறாள், வாயைத் திறக்கச் சொன்னால் நம்மைக் கொலைகாரனைப் பார்ப்பதுபோலப் பார்க்கிறாள். மூன்று மணிக்கு மருந்து. மருந்து ஃபிரிட்ஜ் மேல், போன் ஃபிரிட்ஜ் மேல், நான் இங்கே. எழுந்தால் விழித்துக்கொள்வாள், எழாவிட்டால் மருந்து தவறும், இதற்கு நடுவில் மூக்கு வேறு அரிக்கிறது.

இத்தனைக்கும் அந்த டாக்டர் நல்ல மனிதர். இந்தக் கொப்புள வைரஸ் பெரியவங்கள்ல முக்காவாசிப் பேருக்கு உடம்புக்குள்ளயே இருக்கும், சளி காய்ச்சல் மாதிரிதான், யார் மேலயும் குத்தம் இல்ல, சும்மா தெரிஞ்சுக்கத்தான் கேட்டேன் என்றார். இதை முதலில் சொல்லியிருக்கலாம். நான் இல்லை சொன்ன பிறகு சொல்லி என்ன பயன்? பதினொரு வருடமாகப் பார்சல் கவுண்டரில் உட்கார்ந்து ஒவ்வொரு ஆளிடமும் அதே கேள்வியைக் கேட்கிறேன், உள்ளே உடையுற பொருள், கசியுற பொருள் எதுவும் இருக்கா, உடைய என்று தொடங்கும்போதே இல்ல சார் என்பார்கள், பெட்டி என் கையில் கலகலவென்று குலுங்கும், நானும் சீலைக் குத்தி அனுப்பிவிடுவேன். அன்றைக்கு மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான் வித்தியாசம். மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். மீசையைத்தான் பார்த்திருப்பாள், வேறு எதைப் பார்க்க முடியும், இதை வெட்டுங்க, கஞ்சி வடிகட்டவா வச்சிருக்கீங்க என்று கேட்டுக் கேட்டு ஓய்ந்தவள். அந்த மீசைக்குக் கீழே, இடது ஓரத்தில், அதற்கு முந்தின வாரம்தான் நாலைந்து கொப்புளம் கொத்தாக வந்து உடைந்து காய்ந்திருந்தது. உடம்புச் சூடு என்று நினைத்தேன், வருடத்துக்கு ஒருமுறை வருவதுதான். விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்பார்கள், எனக்கு மீசையே மண்ணை மூடிக்கொண்டது.

ஆனால் நானாகத்தான் இருக்க வேண்டும் என்று என்ன இருக்கிறது? இதைத்தான் ஐந்து நாளாகத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். மகளை ஒருமுறை ஆபீசுக்குக் கூட்டிப்போனேன், டப் டப்பென்று நான் குத்துவதை வாய் மூடாமல் பார்த்தாள், அன்றிலிருந்து எங்கள் வீட்டில் முத்தத்துக்குப் பெயர் சீல். அப்பா சீல் வை என்று கன்னத்தைக் காட்டுவாள், வைத்தால் டப் என்று அவளே சத்தம் கொடுப்பாள். அந்தக் கொப்புள நாட்களில் நான் சீல் வைக்கவே இல்லை. வலித்தது, அதனால் வைக்கவில்லை, கன்னத்தோடு கன்னம் தேய்த்ததோடு சரி, அவள் கோபித்துக்கொண்டது கூட நினைவிருக்கிறது. டம்ளரும் வேறுதான். ஆகவே நான் இல்லை. இல்லையென்றால் மச்சினி. அவள் அதே வாரம் இரண்டு நாள் வந்து தங்கினாள், உதடு வெடித்திருந்தது, குழந்தையை வாயோடு வாய் வைத்துக் கொஞ்சினாள். மனைவி ஆஸ்பத்திரி வாசலிலேயே கண்டுபிடித்துவிட்டாள். போனை எடுத்துத் தங்கையிடம் சொன்ன முதல் வார்த்தை, உன் வாய வச்சுக்கிட்டு சும்மாவே இருக்க மாட்டியாடி. பக்கத்தில் ஆட்டோவுக்குக் கை காட்டிக்கொண்டு நான் நின்றேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஆட்டோ வந்துவிட்டது.

இன்றைக்கு மச்சினி ஊரை விட்டுப் போகிறாள். ஐந்தரை மணி ரயில், வெளியூரில் வேலை, இரண்டு வருடம். அம்மா இல்லாமல் வளர்ந்த இரண்டு பேர், சண்டை போட்டாலும் சாப்பாட்டு நேரத்துக்குள் பேசிவிடுவார்கள், இந்த ஐந்து நாளாகப் பேசவில்லை. காலையில் வேலைக்குக் கிளம்பும்போது மனைவி என்னிடம், அவ வந்தா கேட்டைத் திறக்காதீங்க, சொல்லிட்டேன் என்றாள், சொல்லிவிட்டுக் குளியலறையில் போய்க் குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் வெளியே வரவில்லை. தண்ணீர்ச் சத்தத்தில் அழுதால் தெரியாது என்று நினைப்பு. கதவுக்கு இந்தப் பக்கம் நான் நின்றேன், வாய் வரைக்கும் வந்தது, நிஜமாகவே வந்தது...

"மாமா."

மாடிப்படி முடிகிற இடத்தில், கம்பிக் கேட்டுக்கு வெளியே மச்சினி. காற்றுக்காக மரக்கதவைத் திறந்து வைத்திருந்தேன். முகக்கவசம் போட்டிருக்கிறாள், தோளில் பயணப் பை. எழ வேண்டாம் என்று கையைக் காட்டுகிறாள்.

"திறக்க வேணாம் மாமா. அக்காவுக்குத் தெரிஞ்சா உங்களையும் திட்டும். ஒரு நிமிஷம் பாத்துட்டுப் போயிடுறேன்." குழந்தையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு, "எனக்குப் புண்ணு எதுவும் வந்ததில்ல மாமா. ஆனா வெளிய தெரியாமலே உள்ள இருக்குமாம், படிச்சேன். என்னாலதான் இருக்கும். மன்னிச்சுக்கங்க," என்றாள்.

பரவால்லம்மா என்றேன். பரவால்ல, தெரிஞ்சா செஞ்ச, விடு. இதைச் சொன்னது நான்தானா? குரல் கூடக் கனிவாக இருந்தது, பெரிய மனது பண்ணி மன்னித்துவிட்டேன், என் கவுண்டரில் இப்படி ஒருவன் வந்து நின்றால் மூஞ்சியைப் பார்த்தே பெட்டியைப் பிரித்திருப்பேன். அவள் தலையை ஆட்டினாள், கண்ணைத் துடைத்தாள், ஒரு துணிப்பையைக் கம்பியில் மாட்டினாள். உறிஞ்சு குழல் வைத்த கப், புண்ணில் படாமல் குடிக்கலாம் என்றாள். வழக்கமாக எங்கள் இருவருக்குள் ஒரு கேலி உண்டு, எது கொண்டுவந்தாலும் அதைச் சொல்வாள், இன்றைக்கும் சொன்னாள், "உடையுற பொருள் எதுவும் இல்ல மாமா." சிரிக்கப் பார்த்தாள். திரும்பிப் படியிறங்கினாள், செருப்புச் சத்தம், ஒன்று, இரண்டு... கூப்பிடு. இப்போது கூப்பிடு. எப்படிக் கூப்பிட, மடியில் குழந்தை, கத்தினால் விழித்துக்கொள்வாள், மூன்று மணி வேறு ஆகப்போகிறது, ராத்திரி போனில் சொல்லலாம், அவள் போய்ச் சேரட்டும், நிதானமாக, மனைவியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு...

துணிப்பை சரசரத்தது. மகள் கேட்டருகே நின்று கப்பை வெளியே இழுத்துக்கொண்டிருந்தாள். திரும்பி என் முகத்தைப் பார்த்தாள், மீசைக்குக் கீழே, இடது ஓரத்தையே பார்த்தாள். நாலு நாளாகப் பேசாத வாய், உதட்டை அதிகம் அசைக்காமல், கரகரவென்று, ஆனால் தெளிவாக:

"உன் புண்ணு ஆறிடுச்சாப்பா? நீ தூங்குனப்போ நான் சீல் வெச்சேன்ல."

அந்தக் கொப்புள வாரத்து ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். நான் சோபாவில் கிடந்தேன். மீசையை ஏதோ தொட்டது, ஈ என்று நினைத்துக் கையை வீசினேன்.

"ஆறிடுச்சும்மா," என்றேன். "நீ வெச்சதும் ஆறிடுச்சு."

கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னேன், அவ்வளவுதான், எப்போதும் பேசுகிற குரலில். அதற்கப்புறம்தான் காதில் விழுந்தது, படியில் செருப்புச் சத்தம் இல்லை. கீழ்ப்படி வரை போய்விட்டாளா? இல்லை, தெருக்கதவு கிறீச்சிடும், கிறீச்சிடவில்லை. பாதிப் படியில் நிற்கிறாள். ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. எழுந்து போய்த் திறக்கலாம், ஆனால் மடியில் குழந்தை இருக்கும்போது எப்படி என்று நினைத்தேன், நினைத்த பிறகு குனிந்து பார்த்தேன். மடி காலியாக இருந்தது. கையை மட்டும் இன்னும் மடக்கியே வைத்திருந்தேன்.