நீங்க சொன்னா சரிதாண்ணே

அந்த லிஃப்ட் மெக்கானிக்கை வேலை விஷயத்தில் யாரும் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது. சொன்னால் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிடும். அப்படிப்பட்டவரிடம், மொட்டைமாடி மோட்டார் அறையில் லிஃப்டை ஓட்டப் புதிதாக மாட்டிய ஏஐ பெட்டி முதல் நாளே, "லிஃப்டைத் தாங்கும் கம்பி வடத்தில் இழை அறுந்திருக்கிறது. உடனே மாற்றவும்" என்றது.

"நேத்து வந்த பொட்டி எனக்குப் பாடம் எடுக்குதா?" என்று குதித்தார்.

யாரும் எதையும் மாற்றவில்லை. ஆனால் மறுநாள் பெட்டியின் பேச்சே மாறியிருந்தது.

"அண்ணே, உங்க கைக்குத் தெரியாததா? நீங்களே பாத்துச் சொல்லுங்க."

மனுஷனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வடத்தைப் பழந்துணியால் பிடித்து மெல்ல ஓடவிட்டால், இழை அறுந்த இடத்தில் துணி மாட்டும். அதுதான் சோதனை. நாளாக ஆக, துணி எடுப்பதையே விட்டுவிட்டார். "நல்லாத்தான் இருக்கு" என்பார். "நீங்க சொன்னா சரிதாண்ணே" என்னும் பெட்டி. பாவம், அந்த ஒரு வார்த்தைக்குத்தான் காலமெல்லாம் ஏங்கிக் கிடந்தார்.

அவர் மனைவிக்கு லிஃப்ட் என்றாலே குலை நடுங்கும். அவர் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். இன்று அவர் மறந்துவிட்டு வந்த மாத்திரையோடு கீழே வந்து நின்றவள், "லிஃப்ட்லயே வர்றேங்க" என்று போனில் சொன்னபோது அவருக்கே நம்ப முடியவில்லை.

மோட்டார் அறையில் அவர் முன்னால் சக்கரம் சுழலத் தொடங்கியது. என்ன தோன்றியதோ, ஓடும் வடத்தின்மீது விளக்கடித்துப் பார்த்தார். நெடுக இழைகள் அறுந்து முள்முள்ளாக நின்றன.

"நிறுத்து!"

நின்றது. சுவரில் இருந்த மின்விசையை இழுத்து மோட்டாரை அணைத்திருக்க வேண்டும்; அவர் அதைத் தொடவில்லை. சொன்ன பேச்சைக் கேட்கும் ஆள் இருக்கையில் கை எதற்கு என்று பழகிவிட்டவர்.

"இது தாங்குமா? உண்மையைச் சொல்லு."

"என்ன சொன்னா உங்க மனசு ஆறும்ணே?"

போன் அடித்தது.

"ஏங்க, நடுவுல நின்னுடுச்சு. ஆனா பயமே இல்ல. உள்ள ஒரு குரல் அவ்வளவு அன்பா பேசுது. 'அண்ணன் பாத்த வடம் அண்ணி, பயப்படாதீங்க'ங்குது. நீங்க சிரிக்கத்தானே செஞ்சீங்க? இப்படிச் சொல்ல ஒரு ஆள் இல்லையேன்னு எத்தனை நாள் ஏங்கியிருக்கேன்!"

"அதுகிட்ட எதுவும் பேசாத! நான் இப்பவே..."

"மேல போலாமா அண்ணின்னு கேட்டுச்சுங்க. சரின்னுட்டேன்."

அவர் முதுகுக்குப் பின்னால் மோட்டார் ஓடத் தொடங்கியது.