பொய்ப்பெண்ணுக்கு ஒரு முகம்

கொனாடு மேடத்தின் கடையில் சேர்ந்த நாளிலிருந்து நான் தொட்டதெல்லாம் பிரஷ்தான், அதுவும் கழுவுவதற்கு. முகம் என்று ஒன்றை அவர் என்னிடம் விடவே இல்லை. எங்கள் ஊர் பந்தாமாவில் கல்யாண அலங்காரம் என்றால் கொனாடு மேடம். அவரிடம் வேலை கற்றவள் என்று சொன்னாலே போதும், எந்த ஊரிலும் கடை போட்டுவிடலாம். அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு கழுவினேன். எனக்குப் பொறுமை கம்மி. நான் பிரஷைப் பிழிகிற வேகத்தைப் பார்த்தாலே அது தெரியும் என்று கூட வேலை பார்க்கிற பெண்கள் கேலி செய்வார்கள்.

அந்தச் சனிக்கிழமை விடியற்காலையில், அடோமா என்கிற பெண்ணின் பரிசத்துக்குக் கிளம்பினோம். டாக்ஸியில் முன் சீட்டிலிருந்து மேடம் திரும்பிப் பார்த்தார்.

"டூஃபி, இன்னிக்கு உனக்கு ஒரு முகம் தரேன்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. "யாரு மேடம்? தோழிப் பொண்ணா?"

"பொய்ப்பெண்."

டாக்ஸி டிரைவரே சிரித்துவிட்டான்.

எங்கள் பக்கம் பரிசத்தில் மணப்பெண்ணை எடுத்த எடுப்பில் காட்டிவிட மாட்டோம். முதலில் வேறொருத்தியைத் துணியால் மூடிக் கூட்டிவருவோம். துணியை விலக்கியதும் மாப்பிள்ளை வீட்டார் ஐயோ இவள் இல்லை என்று அலற வேண்டும். பந்தலே "திருப்பி அனுப்பு, திருப்பி அனுப்பு" என்று கத்த வேண்டும். நிஜப்பெண் அதற்கப்புறம்தான் வருவாள்.

"அஞ்சு நிமிஷ வேலை" என்றார் மேடம். "கன்னத்துல ரெண்டு சிவப்பு வட்டம். உதட்டுச்சாயம் கோணலா இருக்கணும். ஒரு புருவம் மேல, ஒண்ணு கீழ. பார்த்ததும் சனம் விழுந்து விழுந்து சிரிக்கணும். ஒழுங்கா செஞ்சேன்னா அடுத்த வாரத்துலேர்ந்து தோழிப் பொண்ணுங்க எல்லாம் உனக்குத்தான். சொன்னதை மீறிக் கைவரிசை காட்டினே, அப்படியே வீட்டுக்குப் போயிடு. புரியுதா?"

"புரியுது மேடம்."

நிஜமாகவே புரிந்திருந்தது. அதை நான் மறுக்கவில்லை.

மணப்பெண்ணின் அறை மாடியில். எனக்கு ஒதுக்கியது சமையல்கட்டுக்குப் பின்னால் ஒரு சந்து. அண்டாவில் ஜொலோஃப் சோற்றுக்கு வெங்காயம் வதங்கிக்கொண்டிருந்தது, கண்ணெல்லாம் எரிந்தது. அங்கே ஒரு ஸ்டூலில் செர்வா அக்கா உட்கார்ந்திருந்தார். அடோமாவின் பெரியம்மா மகள். கெஜேத்தியா சந்தையில் கருவாடு விற்கிறவர், குரலும் சந்தைக் குரல்தான்.

"நீதான் எனக்கா? வா வா. வட்டத்தைப் பெருசா போடு. போன கல்யாணத்துல ஒருத்தி பட்டாணி அளவுக்குப் போட்டுட்டா, பின்வரிசைக்குத் தெரியவே இல்ல. என் பேரே கெட்டுப்போச்சு."

"நிறைய தடவை வந்திருக்கீங்களா அக்கா?"

"எங்க குடும்பத்துல எல்லாத்துக்கும் நான்தான். என் கூடப்பிறந்த தங்கச்சிக்கே நான்தான். ஒரு கல்யாணத்துல ஒரு ஆளு என்னைப் பார்த்துட்டு, 'இதை ஏத்திட்டுப் போக லாரி கொண்டு வரலையே'ன்னான். எல்லாரும் சிரிச்சாங்க பாரு, எனக்கே வயித்து வலி வந்துடுச்சு."

அவர் சிரித்தார். நானும் சிரிக்கப் பார்த்தேன், முடியவில்லை. லாரி என்று சொன்னவன் மேல் சுள்ளென்று கோபம் வந்தது.

சிவப்பு ஒட்ட வேண்டுமென்றால் அடியில் ஒரு பூச்சு வேண்டும். மேடத்தின் பெட்டியில் இருந்தவை எல்லாம் செர்வா அக்காவுக்கு வெளுப்பு. அப்படியே பூசினால் முகம் சாம்பல் நிறத்திலும் கழுத்து கறுப்பிலும் நிற்கும். பொய்ப்பெண்ணாக இருந்தால் என்ன, கழுத்தும் முகமும் ஒரே ஆளுடையதாக இருக்க வேண்டாமா? இருந்ததிலேயே அடர்ந்த இரண்டு நிறங்களைப் புறங்கையில் குழைத்து, அதில் துளி கறுப்புப் புருவ மை சேர்த்துப் பார்த்தேன். சரியாக வந்தது. பூசினேன். கன்ன எலும்பு எழுந்து வந்தது. இத்தனை நாள் இந்த எலும்பின் மேலேயா தக்காளி வட்டம் போட்டார்கள் என்று இருந்தது.

அக்கா கைக்கண்ணாடியை எடுத்தார். அதுவரை ஓயாமல் பேசிக்கொண்டிருந்தவர் பேச்சை நிறுத்திவிட்டார்.

நான் சிவப்பை எடுத்தேன்.

"கொஞ்சம் இரு" என்றார் மெதுவாக. "இப்பவே போட்டுடாதே. ஒரு நிமிஷம் பார்த்துக்கறேன்."

அந்த ஒரு நிமிஷத்தில் நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. கண்ணுக்கு மை தீட்டினேன். இமைக்குச் செம்பு நிறம் வைத்தேன். உதட்டுக்கு நாவல்பழ நிறம், அதுவும் நேராக. அவர் தடுக்கவில்லை. இரண்டு பேரும் திருடிகள் மாதிரி வாயைத் திறக்காமல் இருந்தோம்.

வெளியே மேளம் மாறியது. "பொய்ப்பெண்ணைக் கொண்டாங்க!" என்று யாரோ கூவினார்கள்.

"அக்கா, சிவப்பு?" என்றேன்.

"உங்க மேடம் என்ன சொன்னாங்க?"

"மீறினா வீட்டுக்குப் போன்னாங்க."

"அப்போ போட்டுடு, கண்ணு. எனக்கென்ன, பழக்கம்தான்." கண்ணாடியை மடியில் கவிழ்த்துவிட்டார்.

"போனா போகட்டும்கா, வேலைதானே" என்றேன்.

வாய்தான் அப்படிச் சொன்னது. அம்மாவோடு மல்லுக்கட்டிச் சேர்ந்த வேலை. ஆனாலும் சிவப்பு டப்பாவை மூடிவிட்டேன். இரண்டு பெண்கள் ஓடிவந்து அக்காவின் தலையில் துணியைப் போர்த்திக் கூட்டிப்போனார்கள். யாரும் முகத்தைப் பார்க்கவில்லை.

நான் பந்தல் கால் ஒன்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மாப்பிள்ளை ஃபோசுவின் பக்கம் பேச வந்தவர் அவனுடைய தாய்மாமா டான்சோ. தக்கராடியிலிருந்து அன்று காலைதான் வந்து இறங்கியவர், பெண்ணை போனில் பார்த்ததோடு சரி. வாய் மட்டும் ஊருக்கே பிரசித்தம்.

"பொண்ணு லண்டன்ல இருக்கு. பிளேன் டிக்கெட்டுக்கு ஏதாவது வைங்க, கூட்டிட்டு வர்றோம்" என்று வழக்கமான வம்பை ஆரம்பித்தாள், பெண்வீட்டுக்காகப் பேசுகிற பேச்சுக்காரி.

"லண்டனாம்ல! கொல்லைப்பக்கம் இருக்கற பொண்ணுக்கு பிளேன் எதுக்கு? நடந்தே வரச் சொல்லு" என்று அவர் தட்டில் ஒரு நோட்டைப் போட்டார். கூட்டம் ஆரவாரித்தது.

செர்வா அக்காவைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். டான்சோ நாக்கைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார். முன்வரிசைப் பெண்கள் கத்துவதற்காக மூச்சை இழுத்துப் பிடித்தார்கள். துணி விலகியது.

ஒருத்தரும் கத்தவில்லை.

பந்தலில் குழந்தை அழுகிற சத்தம் மட்டும் கேட்டது. போச்சு, கல்யாணத்தையே கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன். அக்கா தரையைப் பார்த்தபடி நின்றார். டான்சோ மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார்.

"அடோமா! வாம்மா, வா! போன்ல பார்த்ததைவிட லட்சணமா இருக்கியே! இவதான் எங்க பொண்ணு, சந்தேகமே இல்ல! எடுங்கப்பா மோதிரத்தை!"

"மாமா! மாமா! இது இல்ல!" ஃபோசு நாற்காலியிலிருந்து எகிறினான்.

"நீ சும்மா இருடா. உனக்கு என்ன தெரியும்?"

பந்தல் வெடித்தது. கிழவர்கள் தொடையைத் தட்டினார்கள், ஒரு பெண் நாற்காலியோடு பின்னால் சாய்ந்தே விட்டாள். "தாய்மாமன் சபையில ஒத்துக்கிட்டாரு! வாக்கு மாறினா ஒரு பெட்டி ஜின் பாட்டில் அபராதம்!" என்று பேச்சுக்காரி குதித்தாள்.

அத்தனை சிரிப்பும் டான்சோவைப் பார்த்துத்தான். செர்வா அக்காவுக்கு அது புரிய ஒரு கணம் பிடித்தது. பிறகு தலையை நிமிர்த்தினார். ஒரு கையை இடுப்பில் வைத்து, மறுகையால் மாப்பிள்ளை வீட்டார் மணமகளுக்குக் கொண்டுவந்திருந்த பெட்டியைத் தூக்கிக்கொண்டார்.

"நான் ரெடி பெரியவரே. லாரி கொண்டு வந்திருக்கீங்களா?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அவ்வளவு சந்தோஷம்.

"டூஃபீ!"

மாடியிலிருந்து மேடத்தின் குரல். ஏறிப் போனேன். ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் பார்த்திருந்த அடோமா கட்டிலில் புரண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். "செர்வா அக்காவை அவங்களே வச்சுக்கட்டும், நான் போய்த் தூங்கறேன்!" மை கரைந்து இரண்டு கன்னத்திலும் கறுப்பாக வழிந்தது. மேடம் பஞ்சும் கையுமாக அவள் முகத்தைத் துரத்திக்கொண்டிருந்தார்.

"வட்டம் எங்கேடி?"

"போடல மேடம்."

"டாக்ஸியில நான் என்ன சொன்னேன்?"

"வீட்டுக்குப் போகச் சொன்னீங்க."

"அப்புறம் ஏன் நிக்கறே? போய்ப் பெட்டியைக் கட்டு."

கட்டினேன். பிரஷ்களை ஒவ்வொன்றாகத் துடைத்து அடுக்கினேன். வெளியே நிஜப்பெண் வந்தாள். மேடத்தின் கைவேலையைச் சும்மா சொல்லக்கூடாது, கென்டே துணியில் அடோமா ஜொலித்தாள். சூடுபட்ட டான்சோ வாயைப் பொத்திக்கொண்டு, "நான் ஒண்ணும் சொல்லமாட்டேன், கட்டிக்கப்போறவனையே கேளுங்க" என்றாராம். ஃபோசு ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டானாம். நான் எதையும் பார்க்கவில்லை. சந்தில் பெட்டி மேல் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தேன்.

செர்வா அக்கா ஒரு தட்டு நிறைய ஜொலோஃபும் கோழியும் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். "சாப்பிடு. நானே போய் உங்க மேடத்துக்கிட்ட பேசறேன்."

"பேச வேணாம்" என்றார் மேடம். எப்போது வந்து பின்னால் நின்றார் என்று தெரியவில்லை. "எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அப்பவே உன்னை அறைஞ்சிருப்பேன் டூஃபி. கையில மைப்பஞ்சு இருந்துது, தப்பிச்சே."

நான் எழுந்து நின்றேன்.

மேடம் செர்வா அக்காவின் முகவாயைப் பிடித்து வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். கழுத்தோரத்தில் விரலால் தடவிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"உனக்கு எத்தனை கல்யாணத்துல இந்தக் கையால வட்டம் போட்டிருக்கேன்" என்றார். "ஒரு தடவைகூட உன் முகத்தை நான் பார்க்கல செர்வா."

அக்கா மேடத்தின் கையை ஒரு தட்டு தட்டிவிட்டு, மேல்துணியைச் சரிசெய்துகொண்டு பந்தலுக்குப் போனார். அங்கே ஆட்டம் தொடங்கியிருந்தது.

மேடம் அந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். காலையிலிருந்து வேர்த்து வழிந்த முகம், ஒரு துளி பவுடர் கிடையாது. அப்போதுதான் கவனித்தேன், எந்தக் கல்யாணத்திலும் அவர் தனக்கென்று எதுவும் போட்டுக்கொண்டதே இல்லை. வேலை முடிந்ததும் கைப்பையை மாட்டிக்கொண்டு பின்வாசல் வழியாகப் போய்விடுவார்.

"பெட்டியைத் திற."

"கட்டிட்டேன் மேடம்."

"கட்டினதைத் திறக்கத் தெரியாதா? நானும் இன்னிக்கு ஆடப்போறேன். எனக்குப் போடு."

பெட்டியைத் திறந்தேன். வேலை இருக்கிறதா போய்விட்டதா என்று கேட்க வாயெடுத்தேன்.

"பேசாம போடு" என்று சொல்லிவிட்டு, கொனாடு மேடம் கண்ணை மூடிக்கொண்டு முகத்தை என் பக்கம் நீட்டினார்.