புகழ்வேந்தனின் ஒருசந்தி

கடவுள் இல்லை என்பதில் புகழ்வேந்தனுக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து சந்தேகமே வந்ததில்லை. சந்தேகம் வந்ததெல்லாம் காக்கை விஷயத்தில்தான். அதுவும் மனைவி செத்த பிறகு.

செங்கமலம் தை மாதக் கடைசியில் போய்ச் சேர்ந்தாள். காலையில் வாசல் தெளித்துக் கோலம் போட்டாள், கொஞ்ச நேரத்தில் நெஞ்சை என்னவோ செய்கிறது என்றாள், ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அவள் சாமி கும்பிடுகிறவள். அவர் கருப்புச் சட்டைக்காரர். திருபுவனைக் கம்பெனியில் ஃபிட்டராக இருந்த காலம் முழுக்க ஆயுதபூசைப் பொரியைக் கையால் தொடாமல் பாகூர்ப் பக்கம் வீட்டைப் பார்த்துப் பஸ் ஏறிய ஒரே ஆள் அவர்தான். செங்கமலம் அவரோடு வேலை செய்கிறவர்களின் வீட்டில் சொல்லி வைத்து அந்தப் பொரியை எப்படியாவது வாங்கிவிடுவாள். மறுநாள் அதைத் தின்பதும் அவர்தான். வீட்டில் கிடக்கிற பொரிக்கு மதம் கிடையாது என்பது அவர் கட்சி.

பதினாறாம் நாள் காரியமெல்லாம் வேண்டாம் என்றுதான் அவர் சொன்னார். கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த மகள் கல்பனா கேட்கவில்லை.

"செத்தது நீ இல்லப்பா, அம்மா. அம்மாவுக்குப் புடிச்ச மாதிரிதான் செய்யணும்" என்றாள்.

இந்த வாதத்தில் ஓட்டை எங்கே என்று யோசித்துப் பார்த்தார். இல்லை. ஓரமாக நின்றுகொள்வதாக ஒப்புக்கொண்டார்.

படைத்த சோற்றை இலையோடு கொல்லை மதில்மேல் வைத்துவிட்டு எல்லாரும் "கா, கா" என்று கூப்பிட்டார்கள். காக்கை தொட்டால் செத்தவர் திருப்தியாகப் போனார் என்று அர்த்தம். தொடாவிட்டால் மனசில் ஏதோ குறை. அன்றைக்குப் பார்த்து ஒரு காக்கையும் வரவில்லை. அப்படி நேர்ந்தால் குறை என்னவென்று ஆளாளுக்கு ஊகித்து, காக்கை காதில் விழும்படி வாக்குக் கொடுக்க வேண்டும். கல்பனா, மாதம் தவறாமல் வந்து அப்பாவைப் பார்த்துக்கொள்கிறேன் என்று அழுதாள். செங்கமலத்தின் தங்கை ருக்குமணி, "அக்கா, ஒன் பித்தள அண்டாவ நாளைக்கே கொண்டாந்து குடுத்துடறேன்" என்று மதிலைப் பார்த்துக் கதறினாள். அந்த அண்டா அவளிடம் இருக்கிற சங்கதி அன்றுதான் சபைக்குத் தெரிந்தது. அதற்கும் காக்கை வரவில்லை. கடைசியில் எல்லாரும் புகழ்வேந்தனைப் பார்த்தார்கள்.

"மாமா, நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க" என்றாள் ருக்குமணி.

"காக்காவுக்குத் தமிழ் தெரியாது" என்றார் அவர்.

இலையை எடுத்து மாட்டுக்கு வைத்தார்கள். சாயங்காலத்துக்குள் ஊர் கலைந்துவிட்டது. இரண்டு நாள் கழித்துக் கல்பனாவும் லீவு முடிந்து போனாள்.

மூன்றாம் நாள் புகழ்வேந்தன் தானே சோறு வடித்தார். சாப்பிட உட்காரும் முன் ஒரு பிடியை இலையில் எடுத்துப்போய் மதிலில் வைத்தார். செங்கமலம் தினமும் அப்படி வைப்பாள், அவள் குரல் கேட்டதும் தெருக் காக்கை எல்லாம் வந்து இறங்கும். பறவைக்குச் சோறு போடுவது நம்பிக்கை ஆகாது, ஜீவகாருண்யம் என்று தனக்கே விளக்கம் சொல்லிக்கொண்டார். காக்கை வரட்டும் என்று காத்திருந்தார். வரவில்லை. சோறு ஆறிப்போனது. ஆறின சோறு தனக்கு ஆகாது என்று காரணம் சொல்லிக்கொண்டு எழுந்துவிட்டார்.

மறுநாளும் இதே கதை. அதற்கு மறுநாளும் இதே. இருட்டின பிறகு நாலு பிஸ்கட்டை டீயில் தோய்த்துத் தின்றுவிட்டுப் படுத்தார். உண்மை என்னவென்றால், அவள் சாப்பிடாமல் தான் எப்படிச் சாப்பிடுவது என்று அவருக்கு இருந்தது. அவள் ஏதோ குறையோடு பசியாக எங்கோ உட்கார்ந்திருக்கிறாள் என்று தோன்றியது. அவள் எங்கும் இல்லை என்பதும் அவருக்குத் தெரியும். இரண்டையும் ஒரே வயிற்றில் வைத்துக்கொண்டு மனுஷன் எப்படிச் சோறு தின்பான்?

வேட்டியைக் கட்டினால் இடுப்பில் நிற்காமல் நழுவியது. அதை முதலில் பார்த்தவர் பக்கத்து வீட்டு தனிஸ்லாஸ்.

தனிஸ்லாஸ் கொம்யூன் பஞ்சாயத்தில் தண்ணீர் டேங்க் ஆப்பரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊருக்கெல்லாம் தண்ணீர் விட்டது போதாமல் இப்போது தன் கொல்லைக்கு விட்டுக்கொண்டிருக்கிறார். மாதா கோயிலுக்கு அடுத்தபடியாக அவர் முழங்காலிடுகிற இடம் கத்தரிப் பாத்திதான். செங்கமலம் கல்யாணமாகி வந்த வருஷமே அவரை அண்ணன் என்று கூப்பிட்டுவிட்டாள். அவரும் தீபாவளிக்குச் சேலை எடுத்துக் கொடுப்பதில் ஒரு வருஷமும் தவறியதில்லை. அந்த வகையில் புகழ்வேந்தன் அவருக்கு மச்சான்.

"இன்னா மச்சான், நாளுக்கு நாள் எளச்சிக்கினே போற?" என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டார்.

"சுகரு."

"சுகரு எனக்குத்தான? ஒனக்கு எப்ப வந்துச்சு?"

அவர் மனைவி அன்னாமேரி வெளியே வந்தாள். மதிலில் இருந்த சோற்றைப் பார்த்தாள், புகழ்வேந்தனின் வயிற்றைப் பார்த்தாள், விஷயத்தைப் பிடித்துவிட்டாள்.

"இது எங்களுக்குத் தவசு காலம்ணே. ஈஸ்டர் வரைக்கும் வெள்ளிக்கெழமயில ஒருவேள சோறு தின்னுட்டு ஒருசந்தி இருக்க வேண்டியவரு இந்த மனுசன். காலைல தோச, நடுவுல கூழு, அப்பறம் மாத்தர போடணும்னு சொல்லி இன்னொரு தோச. சாமியே இல்லங்கற நீங்க தெனம் ஒருசந்தி இருக்கறீங்க. நல்லா இருக்குது ஞாயம்" என்றாள்.

தனிஸ்லாஸ் வேலியை ஒட்டி வந்து நின்றார். "ஞாயித்துக்கெழம பூசையில செத்தவங்களுக்கு வேண்டறப்ப தங்கச்சி பேரயும் படிக்கச் சொல்லவா?" என்றார்.

"படிச்சா வந்து சாப்புடுவாளா?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாதுபா."

புகழ்வேந்தன் உள்ளே போனார். திரும்பி வந்தார். "சரி, படிக்கச் சொல்லு. பேரத் தப்பில்லாம படிக்கணும்" என்றார்.

அந்த வாரமே சேதராப்பட்டிலிருந்து தனிஸ்லாஸின் மகன் போன் செய்தான். மருமகளுக்குப் பிரசவ நேரம், அம்மாவும் அப்பாவும் வந்தால் நல்லது என்றான். கிளம்பும்போது தனிஸ்லாஸ் பூவாளியைக் கொண்டுவந்து புகழ்வேந்தன் கையில் திணித்தார்.

"பின்னாடி வேர்க்கடல மொளச்சிருக்குது. ரெண்டு தபா போட்டதயும் காக்கா தோண்டித் தின்னுடுச்சு, இது மூணாவது, காரியத்துக்கு மொதநாள் போட்டது. காலைல பூவாளியால பதமா தெளிச்சா போதும். ஓஸ் பைப்பப் புடிச்சி அடிச்சிடாத, பேந்துடும்."

"எனக்கு இதெல்லாம் வராது."

"தண்ணி ஊத்தறதுக்கு நம்பிக்கல்லாம் வேணாம் மச்சான்."

மறுநாள் காலையில் தனிஸ்லாஸ் வீட்டு வாழைக் கூட்டத்தைச் சுற்றிக்கொண்டு பின்கொல்லைக்குப் போனார். மண்ணைத் தலையால் முட்டித் தூக்கிக்கொண்டு, விதைப் பருப்பு இரண்டாகப் பிளந்து, நடுவில் மடித்து வைத்த இலையோடு கடலை முளைகள் வரிசை வரிசையாக நின்றன. அவ்வளவு சின்ன உயிருக்கு அவ்வளவு பெரிய மண்கட்டி. குனிந்து ஒரு கட்டியை எடுத்து ஓரம் போட்டார். பிறகு அடுத்ததற்கும் எடுத்தார். பாதி பாத்தி முடிந்த பிறகுதான் முதுகு வலிப்பது தெரிந்தது. மைனாக்கள் பக்கத்திலேயே புழு பொறுக்கிக்கொண்டிருந்தன. ஒரு செம்போத்து, அளவெடுக்க வந்த சர்வேயர் மாதிரி வரப்பில் நடந்து பார்த்துவிட்டு, திருப்தியில்லாமல் போய்விட்டது. செங்கமலம் போன பிறகு அன்றைக்குத்தான் அவருக்கு ஒரு காலைப்பொழுது லேசாகக் கழிந்தது.

இவ்வளவு பறவை வருகிற இடத்துக்குக் காக்கை மட்டும் ஏன் வரவில்லை என்று அப்புறம்தான் உறைத்தது. நிமிர்ந்து பார்த்தார். பாத்தியின் நடுவில் ஒரு மூங்கில் கழி. அதன் நுனியில் கட்டிய கயிற்றில், வாழை மறைவில், செத்த காக்கை ஒன்று தலைகீழாகத் தொங்கியது. கிட்டத்தில் போனால் காக்கை இல்லை. வைக்கோல் திணித்துக் கட்டிய கருப்புத் துணி, அங்கங்கே நிஜமான காக்கைச் சிறகு நாலைந்து செருகியிருந்தது. தங்கள் இனத்தில் ஒன்று செத்துத் தொங்குகிற இடத்துக்குக் காக்கை வராது என்று குடியானவர்கள் செய்கிற வேலைதான். துணியில் வரிசையாகப் பொத்தான் இருந்தது. மூன்றாவது பொத்தான் மட்டும் வெள்ளை.

கருப்புப் பொத்தான் கிடைக்காமல் வெள்ளையை வைத்துத் தைத்தவள் செங்கமலம். "ஊர்வலத்துல ஒம்பொத்தான யாரு பாக்கப் போறாங்க" என்று சொல்லிக்கொண்டேதான் தைத்தாள். போகிக்கு வீட்டை ஒழித்தபோது, கரித்துணிக்கு ஆகும் என்று அந்தச் சட்டையை அன்னாமேரியிடம் கொடுத்ததும் அவள்தான்.

புகழ்வேந்தனுக்குச் சிரிப்பு வந்தது. ஆக, செங்கமலத்துக்கு ஒரு குறையும் இல்லை, கோபமும் இல்லை. கட்சி மாநாட்டுக்குப் போட்டுப்போன சட்டை இரண்டு கொல்லைக்கும் சேர்த்துக் காக்கையை விரட்டிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். ஒரு பகுத்தறிவாளனுக்கு இதைவிடச் சுத்தமான விளக்கம் கிடைக்காது. வீட்டுக்குப் போய்ச் சோறு வடித்து உட்கார்ந்தார். ஒரு வாய் எடுத்து வைத்தார். இறங்கவில்லை. விளக்கம் மூளைக்குப் போனதோடு சரி, தொண்டை வரைக்கும் வரவில்லை.

கழியைப் பிடுங்கிப் போட எவ்வளவு நேரமாகும்? சாயங்காலம் அந்த எண்ணத்தோடுதான் போனார். மடித்த இலைகள் அதற்குள் விரிந்திருந்தன. மூன்றாம் தடவையாகப் போட்ட விதை. கழியை இன்னும் கொஞ்சம் ஆழமாக ஊன்றிவிட்டு வந்தார்.

மறுநாள் சோற்றை டிபன் பாக்ஸில் போட்டுக்கொண்டு மொபெட்டில் பாகூர் ஏரிக்கரைக்குப் போனார். அங்கே காக்கைக்குப் பஞ்சமில்லை. வைத்த மாத்திரத்தில் சண்டை போட்டுத் தின்று தீர்த்தன. அவருக்கு ஒரு நிம்மதியும் வரவில்லை. அவை ஏரிக்கரைக் காக்கைகள். யார் வைத்தாலும் தின்னும். செங்கமலம் யாரென்று அவற்றுக்கு என்ன தெரியும்? வெறும் டப்பாவோடு திரும்பினார். அதற்குப் பிறகு ஏரிப் பக்கம் போகவில்லை. காலையில் கடலைக்குத் தண்ணீர் தெளித்தார், மத்தியானம் மதிலில் சோறு வைத்தார், ராத்திரி பிஸ்கட் தின்றார்.

பேரன் பிறந்து, பெயர் என்ன வைப்பது என்ற சண்டையையும் முடித்துக்கொண்டு தனிஸ்லாஸ் தம்பதி திரும்பி வந்தார்கள். தனிஸ்லாஸ் நேராகப் பின்கொல்லைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வேலியோரம் வந்தார்.

"ஒரு செடி பழுதில்ல மச்சான். எங்கையில கூட இப்பிடி வந்ததில்ல" என்றார். பிறகு மதிலில் காய்ந்து கிடந்த சோற்றைப் பார்த்தார். "இன்னும் வரலியா?"

"வரல."

தனிஸ்லாஸ் சோற்றைப் பார்த்தார். அங்கிருந்து திரும்பித் தன் மூங்கில் கழியைப் பார்த்தார். மறுபடியும் சோற்றைப் பார்த்தார். விறுவிறுவென்று வீட்டுக்குள் போய்விட்டார்.

மறுநாள் மத்தியானம் இலையை மதிலில் வைக்கும்போது, வாழைக்கு மேலே எப்போதும் தெரிகிற கழி நுனி தெரியவில்லை. புகழ்வேந்தன் எட்டிப் பார்ப்பதற்குள் முருங்கை மரத்தில் ஒரு காக்கை வந்து உட்கார்ந்தது. தலையைச் சாய்த்து அப்படியும் இப்படியும் பார்த்தது. இன்னும் இரண்டு வந்தன. பிறகு ஒரு கூட்டமே வந்தது. மதிலில் இருந்த சோற்றை ஒன்றுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அத்தனையும் அவர் தலைக்கு மேலே பறந்து தனிஸ்லாஸின் கடலையில் போய் இறங்கின.

புகழ்வேந்தன் வேலியை விலக்கிக்கொண்டு ஓடினார். "ச்சூ! ச்சூ!" என்று கையைத் தட்டினார். துண்டை எடுத்துச் சுழற்றினார். காக்கை வராதா என்று சோறு தண்ணி இல்லாமல் கிடந்த மனுஷன், வந்த காக்கையைக் கல்லெடுத்து விரட்டக் குனிந்தார். தனிஸ்லாஸ் வந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வுடுபா. சாப்புடறப்ப வெரட்டாத."

"யோவ், கடல பூரா போவுதுய்யா! மூணாவது தபா போட்டதுய்யா!"

"தெரியும். நான்தான் சட்டய அவுத்தேன்."

ஒரு காக்கை செடியைக் கொத்தி இழுத்துப் பருப்பைத் தின்றது. தனிஸ்லாஸ் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். கண்ணில் தண்ணீர் நின்றது.

"ஒன் சோத்த எப்பவும் தின்னுக்கினுதான இருந்துச்சு, எந்தங்கச்சி. போறப்ப அண்ணன் வூட்டுல ஒருவாய் சாப்புடணும்னு இருந்திருக்கும். சாப்புடட்டும். நீ போயி சாப்புடு."

இது எந்த வேதத்தில் இருக்கிறது என்று புகழ்வேந்தன் கேட்கவில்லை. மதிலுக்குப் போய், வைத்த இலையை அப்படியே எடுத்துக்கொண்டு திரும்பி வந்தார். வரப்பில் உட்கார்ந்து பிசைந்தார். முதல் வாய் இறங்கியது. அழுகையும் வந்தது, அதையும் சேர்த்து விழுங்கினார். தனிஸ்லாஸ் வேட்டியை ஒதுக்கிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். அன்னாமேரி ஒரு சொம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

காக்கைகள் அவசரப்படாமல் வரிசை வரிசையாகத் தின்றுகொண்டு வந்தன. இலை காலியான பிறகும், அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை புகழ்வேந்தன் எழுந்திருக்கவில்லை.