செவ்வாய்க்கிழமைப் பேப்பர்

அந்தச் செவ்வாய்க்கிழமை கடற்கரைத் தெருவுக்கு ‘கரைச்செய்தி’ வரவில்லை. மெஷின் ரிப்பேர் என்றார்கள். டீக்கடை பெஞ்சில் காத்திருந்த ஆண்பிள்ளைகளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பத்து நாளாக அந்த மாலைப் பத்திரிகை முத்தைத் தவிர வேறு எதையும் எழுதுவதில்லை. பத்து வருஷத்துக்கு மேலாக நின்றுபோன முத்துக்குளிப்பு மறுபடியும் வரப்போகிறதாம். கடலடிப் பாறைத்திட்டான பாரில் சிப்பி கொட்டிக் கிடக்கிறதாம். ஒருத்தன் எலுமிச்சங்காய் அளவுக்கு ஒரு முத்தை எடுத்துக்கொண்டு யாருக்கும் தெரியாமல் கொழும்புக்குப் போய்விட்டானாம். அவன் பேரென்ன, ஊரென்ன என்று பத்திரிகையும் எழுதவில்லை, படித்தவர்களும் கேட்கவில்லை.

புதன்கிழமை பேப்பர் வந்துவிட்டது. முதல் பக்கம் முழுக்க முத்து. செவ்வாய்க்கிழமையை எல்லாரும் மறந்துபோனார்கள்.

மெட்டில்டாவுக்கு மட்டும் எரிச்சல். அவள் தூத்துக்குடி மார்க்கெட்டில் கருவாடு விற்கிறவள். புருஷன் பவுல் சங்கு குளிக்கிறவன். வாலிபத்தில் முத்தும் குளித்தவன் என்பதால் இந்தப் பத்து நாளும் அவன் தரையில் நடக்கவில்லை. முத்துக்குளிப்புக்கு ஆள் எடுக்கிறோம் என்று ஐஸ் பேக்டரி வாசலில் மேஜை போட்டுப் பேர் பதிந்தார்கள். பவுலுக்குப் பதினோராம் நம்பர். அந்த நம்பரைத் தெருவில் அவன் சொல்லாத ஆள் கிடையாது. ஐஸ் பேக்டரி ரோச் முதலாளியுடையது. கரையில் நிற்கிற விசைப்படகுகளில் பாதி அவருடையது. ‘கரைச்செய்தி’யும் அவருடையதுதான். இதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். தெரிந்ததை உட்கார்ந்து யோசிக்கத்தான் ஒருத்தருக்கும் நேரமில்லை.

சனிக்கிழமை காலையில் மெட்டில்டா பொட்டலம் மடிக்கப் பேப்பர் வாங்கக் காசிலிங்கம் அண்ணாச்சியின் பழைய பேப்பர் கடைக்குப் போனாள். அண்ணாச்சி ஒரு கட்டைத் தூக்கி முன்னால் போட்டார். பழைய பேப்பர் என்றால் டீக்கறை இருக்கும், எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும், பிள்ளைகள் மீசை வரைந்த சினிமாக்காரி இருப்பாள். இதில் ஒன்றுமில்லை. மடிப்புக் கலையாமல் மொடமொடவென்று இருந்தது. தொட்டால் மை கையில் ஒட்டியது.

“என்ன அண்ணாச்சி, புதுசால்லா இருக்கு?”

“ஐஸ் பேக்டரி வண்டியில மூணு கட்டு கொண்டாந்து போட்டுட்டுப் போனாவ. பிரிக்கவே இல்ல பாத்துக்கோ. உனக்குன்னு எடுத்து வச்சேன். மூணையும் கொண்டு போ, நல்லா மடியும்.”

மார்க்கெட்டில் கடை விரித்து உட்கார்ந்த பிறகுதான் அவள் தேதியைப் பார்த்தாள். செவ்வாய்க்கிழமை. மெஷின் ரிப்பேரான அன்றைக்கு இவ்வளவு நேர்த்தியாக எப்படி அச்சானது?

கன்னியாஸ்திரிகள் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தவள் அவள். எதையும் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கிற பழக்கம். நாலாம் பக்கத்தில் ஒரு கிணற்று ஏல விளம்பரத்துக்கும் பல்பொடி விளம்பரத்துக்கும் நடுவில் கடுகு எழுத்தில் ஓர் அறிவிப்பு இருந்தது. கடற்கரைப் புறம்போக்கு நிலம். இன்ன சர்வே நம்பர். சரக்குக் கிட்டங்கி கட்டக் குத்தகைக்குக் கேட்டு மனு வந்திருக்கிறது. ஆட்சேபணை உள்ளவர்கள் பதினைந்து நாளுக்குள் தாலுகா ஆபீசில் எழுதிக் கொடுக்கலாம்.

சர்வே நம்பர் அவளுக்குப் புரியவில்லை. நாலு எல்லையும் போட்டிருந்தது, அது புரிந்தது. கிழக்கே கடல், மேற்கே வண்டிப்பாதை, வடக்கே உப்போடை, தெற்கே சிலுவை நிற்கிற குருசடி. இருபது வருஷமாக அவள் கருவாடு காயப்போடுகிற களம் அது. அவளைப் போல நாற்பத்தாறு பெண்களுக்கு அந்த மணலை விட்டால் வேறு மணல் கிடையாது. மதில் எழுப்பிவிட்டால் மீனை வீட்டுக்கூரையிலா காயப்போடுவது? மனு போட்டவர் யார் என்பதையும் அறிவிப்பு சொன்னது. ரோச் முதலாளி. அச்சான பேப்பர் தெருவுக்கு ஏன் வரவில்லை என்பது அவளுக்குப் பிடிபட்டது.

கடையைப் பக்கத்துக் கடை ஆக்னஸிடம் ஒப்படைத்துவிட்டு நேரே அம்புரோஸ் வீட்டுக்குப் போனாள்.

அம்புரோஸ் அந்த வட்டாரத்துக் கவுன்சிலர். மூன்று வருஷத்துக்கு முன்னால் அவனை ஜெயிக்க வைத்ததில் பாதி மெட்டில்டாவின் தொண்டை. வீடு வீடாக ஏறி இறங்கி, கோஷம் போட்டு, ஒரு வாரம் பேச்சே வராமல் சுக்குக் கஷாயம் குடித்தவள் அவள். நம்ம தெருப் பையன், நமக்கு ஒன்று என்றால் முதல் ஆளாய் நிற்பான் என்று வாய் கொள்ளாமல் சொன்னவள்.

அம்புரோஸ் அறிவிப்பைப் படிக்கக்கூட இல்லை. “இதுவா மைனி? சும்மா ஒரு சடங்குக்குப் போடுதது. முத்துக்குளிப்பு வந்தா சிப்பி குவிக்க இடம் வேணும்லா? அதுக்குத்தான் கிட்டங்கி. உங்க நல்லதுக்குத்தான்.”

“எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டியளா தம்பி?”

“உங்களுக்காகத்தான நான் இருக்கேன்? ஊருக்கெல்லாம் சம்மதம்னு நானே எழுதிக் கொடுத்தாச்சு.”

அவன் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னான், காப்பி குடிக்கிறீர்களா என்று கேட்கிற மாதிரி. மெட்டில்டாவுக்கு அவன் முதலாளி பக்கம் சாய்ந்தது கூடப் பெரிசாகத் தெரியவில்லை. ஊருக்காகப் பேச ஓர் ஆள் கிடைத்துவிட்டான் என்று நம்பி, மூன்று வருஷமாகத் தான் எதையும் பேசாமலே இருந்துவிட்டோமே என்றுதான் வெட்கமாக இருந்தது.

வீட்டில் பவுலிடம் சொன்னாள். அவன் பேப்பரை வாங்கிப் பார்த்துவிட்டு மடித்துத் திருப்பிக் கொடுத்தான்.

“ஏளா, மனு கினுன்னு கிளம்பி என் பேர வெட்ட வச்சிராத. முதலாளிக்கு எதிரா கையெழுத்துப் போட்டா லிஸ்ட்ல நிப்பாட்டுவாவளா?”

களத்தில் மற்றப் பெண்களும் இதையே வேறு வேறு வார்த்தையில் சொன்னார்கள். ஆக்னஸ் வீட்டுக்காரருக்கு இருபத்தேழாம் நம்பர். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு நம்பர் இருந்தது. ரோச் முதலாளி முத்துக்கு ஆள் எடுக்கவில்லை, வாயை மூட ஆள் எடுத்திருக்கிறார் என்று மெட்டில்டாவுக்கு அப்போதுதான் விளங்கியது.

திங்கட்கிழமை மார்க்கெட்டில் நெத்திலிக் கருவாட்டைப் பொட்டலம் மடித்தாள். எப்போதும் படம் போட்ட முதல் பக்கம் வெளியே தெரிகிற மாதிரி மடிப்பாள். பார்க்க லட்சணமாக இருக்கும். அன்றைக்குப் பேப்பரைத் திருப்பிப் போட்டாள். முத்துச் செய்தி கருவாட்டோடு உள்ளே போனது, கடுகு எழுத்து அறிவிப்பு வெளியே நின்றது. அதன் குறுக்கே நூல் வராமல் பார்த்துச் சுற்றினாள். “அண்ணாச்சி, பிரிக்குமுன்னே மேல எழுதியிருக்கிறத வாசிச்சிருங்க” என்று வாங்குகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். மில் தொழிலாளி வாங்கினான், உப்பளத்துக் கங்காணி வாங்கினார், வாத்தியாரம்மா வாங்கினாள். கருவாட்டுக்காரிக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று சிலர் சிரித்தார்கள். ஆனாலும் கையில் இருக்கிற எழுத்தை நடந்துகொண்டே படிக்காத ஆள் யார்?

புதன்கிழமை ஒரு மனிதர் அந்தப் பேப்பரைக் கையில் நீவியபடி வந்து நின்றார். பொன்னுதுரை என்று பேர், தாலுகா ஆபீஸ் கிளார்க். பேப்பரில் நெத்திலி வாசம் வீசியது.

“யம்மா, இது எங்க ஆபீஸ் நோட்டீஸ்லா? மனுவுல அந்த இடம் காலியா கெடக்கு, யாரும் புழங்கலைன்னு எழுதியிருக்கு. நீங்க அங்கன காயப்போடுதீங்களா?”

“நீங்க வாங்கிட்டுப் போன நெத்திலி அங்கன காஞ்சதுதான் ஐயா.”

அவர் பேப்பரை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். “அப்போ ஆளாளுக்குத் தனியா எழுதிக் கொடுங்க. ஆட்சேபணை ஒண்ணும் வரலைன்னா பைல் தானா நகந்துரும். அடுத்த புதன் கடைசி நாள்” என்று சொல்லிவிட்டு, கால் கிலோ சாளைக் கருவாடும் வாங்கிக்கொண்டு போனார்.

காலி இடம் என்ற வார்த்தைதான் பெண்களை உசுப்பியது. விடியுமுன்னே குனிந்தால் உச்சி வெயிலில் நிமிர்கிற இடத்தைக் காலி என்று எழுதிவிட்டானா? ஆக்னஸ் ஒரு கட்டுப் பேப்பரைத் தன் கடைக்கு எடுத்துக்கொண்டாள். சுண்டல் விற்கிற இசக்கியம்மாள் மற்றொரு கட்டைக் கேட்டு வாங்கினாள். இரண்டு நாளில் கடற்கரைத் தெருவில் கருவாட்டையோ சுண்டலையோ கையில் வாங்கிய யாரும் அந்த அறிவிப்பைப் படிக்காமல் தப்பவில்லை. பத்துப் பதினைந்து பெண்கள் எழுதிக் கொடுக்கத் தயாரானார்கள். மிச்சப்பேர் புருஷன்மாரின் முகத்தைப் பார்த்தார்கள். புருஷன்மார் நம்பரைப் பார்த்தார்கள்.

சனிக்கிழமை மெட்டில்டாவுக்குப் பொறுமை போய்விட்டது. பவுல் அன்றைய பேப்பரைச் சத்தம் போட்டுப் படித்துக்கொண்டிருந்தான்.

“நீங்க குளியாளிதான?” என்று கேட்டாள்.

“இது என்ன கேள்வி?”

“முந்தியெல்லாம் முத்துக்குளிப்பு வைக்குமுன்னே ஆபீசருமாரு குளியாளிகளக் கூட்டிட்டுப் போய்ப் பாரைச் சோதிச்சு, சிப்பிய அள்ளிப் பாத்துத்தான நாள் குறிப்பாவ? இப்ப யாரைக் கூட்டிட்டுப் போனாவ? உங்களக் கூப்பிட்டாவளா? உங்களுக்குத் தெரிஞ்ச ஒருத்தரையாவது கூப்பிட்டாவளா?”

பவுல் படிப்பதை நிறுத்தினான்.

“பேப்பர்ல சிப்பி எண்ணுதது எங்களப் போலக் கரையில கெடக்குதவ வேலை. உங்களுக்குக் கடலுக்குள்ள கண்ணு இருக்கு. போய்ப் பாத்துட்டு வாங்க. சிப்பி இருந்தா நான் வாயத் தொறக்கல.”

அவனுக்குச் சுருக்கென்று தைத்திருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகிற வழக்கமில்லை, பூசைக்குப் போனான். திங்கட்கிழமை விடிந்ததும் இரண்டு கூட்டாளிகளோடு வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு போனான்.

மெட்டில்டா அன்றைக்கு மார்க்கெட்டுக்குப் போகவில்லை. சிப்பி இருந்துவிட்டால் என்ன செய்வது என்று பயமாக இருந்தது. இருந்தால் அவன் முகம் எப்படி மலரும் என்று நினைத்தபோது, இருந்துவிட்டாலும் நல்லதுதானே என்று ஒரு கணம் தோன்றவும் செய்தது. அவ்வளவு ஆசையாக அவன் எதையும் கேட்டு வருஷங்களாகிவிட்டன.

சாயங்காலம் வள்ளம் கரை சேர்ந்தது. பவுல் தோளில் கிடந்த வலைப்பையை அவள் முன்னால் கவிழ்த்தான். சேறும் மணலும், வாய் பிளந்த செத்த ஓடுகளும் விழுந்தன.

“நாலு பார்ல முங்குனோம். ஒவ்வொண்ணும் எட்டுப் பாகம், ஒம்பது பாகம் ஆழம். உசுருள்ள சிப்பி ஒண்ணு இல்லளா. மூணு வாரமா வாயப் பொளந்துட்டுப் படிச்சிருக்கேன் பாரு.”

மெட்டில்டா அவன் முதுகிலிருந்த உப்பை முந்தானையால் துடைத்துவிட்டாள். ஜெயித்துவிட்டோம் என்ற நினைப்பு அவளுக்கு இல்லை, பாவமாகத்தான் இருந்தது. ஆனால் பவுல் அப்படியே உட்கார்ந்துவிடவில்லை. ஈரத்துணியோடு டீக்கடைக்குப் போனான். பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர்களின் மேஜையில் இரண்டு கை செத்த ஓடுகளை அள்ளி வைத்து, எந்த எந்தப் பார், எத்தனை பாகம், அடியில் என்ன கிடந்தது என்று ஒன்றுவிடாமல் சொன்னான். குளியாளி சொன்னால் குளியாளிகள் நம்புவார்கள், அதில் பொய் சொல்கிறவனை அந்தக் கரையில் எவனும் வள்ளத்தில் ஏற்ற மாட்டான். பிறகு ஐஸ் பேக்டரிக்கு நடந்தான்.

“பதினொண்ணை அடிச்சிரும்வே” என்றான் மேஜைக்குப் பின்னால் இருந்தவரிடம். அவன் பின்னாலேயே இருபத்தேழாம் நம்பரும் வந்து நின்றது.

புதன்கிழமை காலையில் தாலுகா ஆபீஸ் வராந்தாவில் வரிசை வாசலைத் தாண்டித் தெருவுக்கு வந்துவிட்டது. நாற்பத்தாறு பெண்களும், அவர்களுடைய ஆண்களும், கையில் மனுவோடு நின்றார்கள். சம்பந்தமே இல்லாத இரண்டு மில் தொழிலாளிகளும் வாத்தியாரம்மாவும் எழுதி வந்திருந்தார்கள். நாங்கள் அந்தக் கருவாட்டைச் சாப்பிடுகிறோம், எங்களுக்கும் ஆட்சேபணை உண்டு என்றாள் வாத்தியாரம்மா. பொன்னுதுரை முத்திரை குத்திக் குத்திக் கை வலித்து உதறிக்கொண்டார்.

பத்தரை மணிக்கு அம்புரோஸ் காரில் வந்து இறங்கினான். யார் கார் என்று யாரும் கேட்கவில்லை.

“மைனி, இதெல்லாம் என்கிட்ட கொடுங்க. மொத்தமா நானே உள்ள கொண்டுபோய்க் கொடுத்துருதேன். நீங்க வெயில்ல நிக்க வேண்டாம்.”

முன்னால் நின்ற இரண்டு பெண்கள் பழக்கதோஷத்தில் கையை நீட்டியும் விட்டார்கள். மெட்டில்டா அவர்கள் கையைப் பிடித்துத் தாழ்த்தினாள்.

“எங்களுக்கு வெயில் புதுசில்ல தம்பி. உங்களுக்கு ஆட்சேபணை இருந்தா எழுதிட்டுப் பின்னால வந்து நில்லுங்க.”

சத்தம் கேட்டுத் தாசில்தார் வெளியே வந்தார். குவிந்திருந்த மனுக்களையும், தெரு வரை நின்ற ஜனத்தையும் பார்த்தார்.

“இடம் காலின்னு மனுவில் இருக்கு, கவுன்சிலர் கடிதமும் இருக்கு. நீங்க இத்தனை பேர் வேற சொல்றீங்க. நான் நேரில் பார்க்காம யாருக்கும் அந்த இடத்தைக் கொடுக்கிறதா இல்லை. நாளைக்கு வர்றேன். இடத்தைக் காட்ட யார் இருப்பீங்க?”

அம்புரோஸ் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஓர் அடி முன்னால் வைத்தான். ஆபீசர் ஒருத்தரிடம் மெட்டில்டா வாய் திறந்ததே இல்லை. ஆனாலும் அவள்தான் முந்திக்கொண்டாள்.

“நாங்க தினம் அங்கனதான் ஐயா இருக்கோம். வெயில் ஏறுமுன்னே வாங்க. மீனைத் திருப்பிப் போடுத நேரம், நாப்பத்தாறு பேரையும் ஒண்ணாப் பாக்கலாம்.”

தாசில்தார் தலையாட்டிவிட்டு, பொன்னுதுரையிடம் நேரத்தைக் குறித்துக்கொள்ளச் சொல்லி உள்ளே போனார். வரிசை மறுபடி நகர்ந்தது. அம்புரோஸ் அவள் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினான்.

“மைனி, நாளைக்கு நானும் வாரேன்.”

“வாங்க தம்பி, யாரு வேண்டாம்னா? செருப்பக் கழட்டிட்டு வாங்க. நாங்க சோறு திங்குத இடம் அது.”

அம்புரோஸ் குனிந்து தன் காலைப் பார்த்தான்.