பயிற்சிக்கு மட்டும்

வாயில் கசப்பு தட்டியதும் ஜிபார் பாடத்தை நிறுத்திவிட்டாள்.

நீல நிற இன்ஹேலரை உதட்டிலிருந்து எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இன்னொரு தடவை அழுத்தி இழுத்தாள். சந்தேகமே இல்லை, கசந்தது. எதிரே பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஷாயிர் பக்கத்து ஊர் மருத்துவ அறையைப் பார்த்துக்கொள்பவள். வாயாடி. மூச்சை அடக்கிப் பத்து எண்ணச் சொன்னதால் கன்னத்தை உப்பிக்கொண்டிருந்தவள், அதைப் பொசுக்கென்று விட்டாள்.

"என்னடி, முகம் வெளுத்துப்போச்சு? டப்பாவுக்குள்ள பேய் இருக்கா?"

"கசக்குது."

"மருந்துன்னா கசக்கத்தான் செய்யும்."

"இதுல மருந்தே கிடையாது ஷாயிர். இது பாடம் நடத்தறதுக்குக் குடுத்த டப்பா. வெறும் காத்து. இது கசக்கக் கூடாது."

சொல்லி முடித்தபோதே அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பாடத்துக்கான வெற்று டப்பா இங்கே இல்லையென்றால் அது எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். கலிபா அக்காவிடம் இருக்கிறது.

ஜிபாரின் கிராமமான கோக்சாயில் டாக்டர் கிடையாது. ஊசி போடுவது, பிரசவம் பார்ப்பது, பல்வலிக்கு மாத்திரை தருவது, செத்தவனுக்குச் சீட்டு எழுதுவது எல்லாம் மருத்துவ உதவியாளரான ஃபெல்ஷர் ஜிபார்தான். பதினெட்டு வருஷ சர்வீஸ். போன வாரம் நாரின் நகரத்துக்குக் கூப்பிட்டு, நாள்பட்ட நுரையீரல் நோயைப் பற்றி மூன்று நாள் வகுப்பு எடுத்தார்கள். திரும்பும்போது ஒரு துணிப்பை கொடுத்தார்கள். அதில் படம் போட்ட அட்டைகள், ஒரு கையேடு, விரலில் மாட்டி ரத்தத்து ஆக்சிஜனைப் பார்க்கும் சின்னக் கருவி, ஒரு பயிற்சி இன்ஹேலர். போய் மற்றவர்களுக்கும் சொல்லிக்கொடு என்றார்கள். ஜிபாருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

பயிற்சி இன்ஹேலர் மேல் ஒரு வெள்ளைச் சீட்டு ஒட்டியிருந்தது. 'பயிற்சிக்கு மட்டும்' என்று அச்சடித்த சீட்டு. ஊருக்கு வந்த அன்றே அதைச் சுரண்டி எடுத்தது ஜிபார்தான். பொம்மை டப்பா என்று தெரிந்தால் இந்த ஊர் ஜனங்கள் சிரிப்பார்களே தவிரக் கற்றுக்கொள்ள மாட்டார்கள் என்று அவளுக்கு எண்ணம். பெரிய புத்திசாலி!

நாலு நாளைக்கு முன்னால் கலிபாவின் குடும்பம் மலைமேல் கோடை மேய்ச்சலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தது. லாரி மேல் கம்பளிச் சுருள்கள் ஏறிவிட்டன, ஆடுகள் முன்னாலேயே போய்விட்டன. கலிபா தீர்ந்துபோன பழைய இன்ஹேலரைக் கொண்டுவந்து நீட்டினாள். ஜிபார் அதை வாங்கிக் குப்பையில் போட்டாள். பிறகு லாரிப் படியிலேயே அவளை உட்கார வைத்துப் பாடம் நடத்தினாள். இடது கையில் பயிற்சி டப்பா, வலது கையில் புது மருந்து. டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான். எதை நீட்டினோம் என்று அவள் பார்க்கவில்லை.

முப்பத்தைந்து வருஷம் சாண வறட்டிப் புகையில் ரொட்டி சுட்டவள் கலிபா. பனி விழும்போதும் விலகும்போதுமாக வருஷத்துக்கு ரெண்டு தடவை ஆஸ்பத்திரிப் படுக்கைக்குப் போய் வருகிறவள். அவள் போயிருக்கும் உயரத்தில் நல்ல நுரையீரல் உள்ளவனே நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்குவான். அங்கே அவள் வெறும் காற்றை இழுத்துக்கொண்டிருக்கிறாள், நாலு நாளாக.

ஜிபாருக்கு நெஞ்சு படபடவென்று அடித்தது, கைவிரல்கள் ஆடின. இழுத்த மருந்துக்கே அந்தக் குணம் உண்டு என்று கையேட்டில் போட்டிருந்தது. மருந்தா, பயமா என்று பிரித்துப் பார்க்க அவளால் முடியவில்லை. மேய்ச்சல் நிலத்தில் சிக்னல் கிடையாது என்று தெரிந்தும் மூன்று தடவை போன் போட்டுப் பார்த்தாள். பிறகு மருந்துப் பெட்டி, ஆக்சிஜன் அடைத்த ரப்பர் பை, ஒரு காலித் தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு ஓடினாள்.

கால்நடை மருத்துவன் எசென் தன் பழைய ஜீப்புக்கு அடியில் படுத்துக்கிடந்தான். விஷயத்தைக் கேட்டதும் கையைக்கூடத் துடைக்காமல் ஏறி உட்கார்ந்தான். மத்தியானத்துக்கு மேல் பனி உருகி ஆற்றில் தண்ணீர் ஏறிவிடும், அதற்குள் கடந்தாக வேண்டும். கடந்தார்கள். தண்ணீர் கதவிடுக்கில் புகுந்து ஜிபாரின் கணுக்கால் வரை வந்தது. அவள் மருந்துப் பெட்டியைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அல்லாவின் பெயரைத் தவிர வேறெதுவும் நினைவில்லாமல் இருந்தாள்.

ஏற்றத்தில் எசென் மெதுவாகப் பேச்சை எடுத்தான்.

"அக்கா, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. உண்மைய எதுக்குச் சொல்லணும்? 'அது காலாவதியான சரக்கு, புதுசு கொண்டாந்தேன்'னு மாத்திக் குடுத்துட்டு வந்துடுவோம். யாருக்குத் தெரியப்போவுது?"

அதையேதான் ஜிபாரும் ஆற்றைக் கடந்ததிலிருந்து யோசித்துக்கொண்டிருந்தாள். அதை இன்னொருவன் வாயால் கேட்கக் கூச்சமாக இருந்தது.

"போன வருஷம் நான் ஒரு ஆட்டுக்கு மாட்டோட அளவு ஊசியப் போட்டுட்டேன். ஆடு என்ன, மேலிடத்துக்கு மனுவா எழுதிச்சு?"

"ஆடு பொழச்சுதா?"

எசென் கியரை மாற்றினான்.

கணவாய் உச்சியில் ஏறியதும் கீழே மேய்ச்சல் நிலம் தெரிந்தது. கலிபாவின் புருஷன் தோக்தோசுனின் கூடாரம் எது என்று ஜிபார் தேட வேண்டியிருக்கவில்லை. ஒரு கூடாரத்தின் வாசலில் மட்டும் குதிரைகள் கட்டியிருந்தன. எண்ணினாள். பதினாலு.

மலைமேல் ஒரு வாசலில் அத்தனை குதிரை நின்றால் காரணம் ரெண்டுதான். ஒன்று விருந்து, இல்லையென்றால் சாவு. சாவு என்றால் ஆண்கள் வாசலில் நின்று ஓங்கி அழுவார்கள், அது கணவாய் வரைக்கும் கேட்கும். ஆனால் காற்று இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வீசியது. ஒரு சத்தமும் வரவில்லை.

"நிறுத்து, கேப்போம்" என்றாள்.

எசென் இன்ஜினை அணைத்தான். ரெண்டு பேரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். காற்றைத் தவிர ஒன்றும் இல்லை. "போகலாமா அக்கா?" என்று அவன் கேட்டபோது, திரும்பிப் போய்விடலாம் என்று சொல்ல அவளுக்கு நாக்கு நுனி வரை வந்தது. அப்படி ஒரு பயம். அவள் ஆயுசில் எத்தனையோ பிணம் பார்த்திருக்கிறாள், அவள் கையால் ஆன பிணம் ஒன்றுகூட இல்லை. "போ" என்றாள்.

பாதி இறக்கத்தில் ஒரு குதிரை எதிரே பாய்ந்து வந்தது. மேலே தோக்தோசுன். அவன் வாயைத் திறக்கும்வரை ஜிபார் மூச்சே விடவில்லை.

"அடடே, டாக்டரம்மாவா! வாசனை கோக்சாய் வரைக்கும் அடிச்சுடுச்சா? வாங்க வாங்க, இன்னைக்குத்தான் மொத குமிஸ்!"

அந்த வருஷத்தின் முதல் குமிஸ், புளிக்கவைத்த குதிரைப்பால். அதற்குத்தான் அக்கம்பக்கக் கூடாரமெல்லாம் கூடியிருந்தது. எசென் ஜீப்பை நிறுத்தி ஸ்டீரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டான்.

"கலிபா அக்கா எங்க?" என்று ஜிபார் தலையை வெளியே நீட்டிக் கேட்டாள்.

"சின்னக் கூடாரத்துல படுத்திருக்கா, தலைவலியாம். விருந்தாளி வர்ற அன்னைக்குப் பொம்பளைக்குத் தலைவலி வர்றது புதுசா என்ன?"

சின்னக் கூடாரத்தின் முன்னால் ஜீப் நிற்பதற்குள்ளேயே ஜிபார் குதித்துவிட்டாள்.

சின்னக் கூடாரத்துக்குள் புகை மண்டிக் கிடந்தது. அடுப்பில் வறட்டி எரிந்துகொண்டிருந்தது. மடித்து அடுக்கிய மெத்தைகள் மேல் ரெண்டு முழங்கைகளையும் ஊன்றி, முன்னால் குனிந்து மண்டியிட்டிருந்தாள் கலிபா. உதடு கத்திரிக்காய் நிறத்தில் இருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் கழுத்து நரம்பு புடைத்து அடங்கியது. கையில் அந்த நீல டப்பா. அப்போதும் அதைக் குலுக்கிக்கொண்டிருந்தாள்.

ஜிபாரைப் பார்த்ததும் எழப் பார்த்தாள், முடியவில்லை.

"டீ… போட…"

"டீ கிடக்கட்டும் அக்கா. பேசாதீங்க."

ஜிபார் கூரைக் கம்பளியை இழுத்துத் திறந்தாள். எரிகிற அடுப்பை எசென் வெளியே தூக்கிப்போனான். விரலில் கருவியை மாட்டினால் அறுபத்தெட்டு. அந்த உயரத்தில் நல்ல ஆளுக்கே தொண்ணூறு காட்டினால் பெரிது, ஆனால் அறுபத்தெட்டு சாவின் வாசல். பாட்டிலின் அடியைக் கத்தியால் ஓட்டையிட்டு, உண்மையான இன்ஹேலரை அதில் சொருகி, பாட்டிலின் வாயைக் கலிபாவின் உதட்டில் பொருத்தினாள். கத்தி வழுக்கி விரலில் கீறியது, கவனிக்கவில்லை. ஒரு அழுத்து, ஆறு மூச்சு. மறுபடி ஒரு அழுத்து, ஆறு மூச்சு. நடுவில் மாத்திரை. ரப்பர் பையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஆக்சிஜன். எழுபது. அறுபத்தொன்பது. எண் இறங்கியது. 'போகாதே அக்கா, போகாதே' என்று முணுமுணுத்துக்கொண்டே அழுத்தினாள். மருமகள் நாஸிக் குமிஸ் கிண்ணத்தோடு உள்ளே வந்தவள், கிண்ணத்தைக் கீழே போட்டுவிட்டு வாசலிலேயே உட்கார்ந்து அழுதாள்.

எழுபத்துமூன்று, எழுபத்தெட்டு. அரைமணி நேரம் கழித்து எண்பத்தைந்தில் நின்றது. கழுத்து நரம்பு அடங்கியது. உதட்டில் கொஞ்சம் சிவப்பு வந்தது.

தோக்தோசுன் வாசலில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். அவனுக்குப் பின்னால் விருந்தாளிகள். எசென் ஜிபாரைப் பார்த்து லேசாகத் தலையாட்டினான். இதோ, இப்போது சொல்லிவிடு, காலாவதி என்று சொல்லிவிடு.

ஜிபார் கலிபாவின் மடியில் கிடந்த டப்பாவைத் தொட்டாள்.

"அக்கா, இதுல மருந்து இல்ல. இது நான் பாடம் நடத்தற டப்பா, வெறும் காத்து. அவசரத்துல மாத்திக் குடுத்துட்டேன். அதுல ஒட்டியிருந்த சீட்டையும் நான்தான் கிழிச்சேன். உங்க மேல ஒரு தப்பும் இல்ல, எல்லாம் என் தப்பு. என்ன வேணா பண்ணுங்க."

தோக்தோசுனின் முகம் இறுகியது. ஜிபார் தலையைக் குனிந்துகொண்டாள், அடி விழுந்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தாள்.

கலிபா டப்பாவை எடுத்துக் கண்ணருகே வைத்துப் பார்த்தாள். ஜிபாரைப் பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. நாலு நாள் சுமையை இறக்கி வைத்தவள் முகமாக அது இருந்தது.

"அப்போ… நான் சரியாத்தான் பண்ணேனா?"

ஜிபாருக்குப் புரியவில்லை.

"நீதானே சொன்ன… தப்பா இழுத்தா மருந்து உள்ள போவாதுன்னு." மூச்சுக்கு மூச்சு நிறுத்தி நிறுத்திப் பேசினாள் கலிபா. "நாலு நாளா இழுக்கறேன், ஒண்ணும் கேக்கல. குலுக்கினது பத்தலையோன்னு குலுக்கறேன்… உதடு மூடலையோன்னு மூடறேன். மூச்சு விடக்கூட வக்கில்லாத மண்டு நானுன்னு… இந்தப் புள்ளைங்ககிட்டச் சொல்ல வெக்கம். உன்ன கூப்பிட்டனுப்ப அதவிட வெக்கம். இவ்ளோ கஷ்டப்பட்டுச் சொல்லிக்குடுத்தாளே, கத்துக்கலன்னா வருத்தப்படுவாளேன்னு…"

சாகக் கிடந்தவள் தன்னைத்தான் குற்றவாளியாக நினைத்துக்கொண்டு வாயை மூடிக் கிடந்திருக்கிறாள். வழி நெடுக ஜிபார் பயந்த பயமெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

"பாத்துச் சொல்லு" என்றாள் கலிபா.

உண்மையான இன்ஹேலரைக் கையில் வாங்கினாள். குலுக்கினாள். மூச்சை முழுக்க வெளியே விட்டாள். உதட்டை இறுக மூடி, அழுத்தி, நிதானமாக இழுத்தாள். டப்பாவை மடியில் போட்டுவிட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு, லாரிப் படியில் ஜிபார் சொல்லிக்கொடுத்தபடியே பத்து எண்ண ஒவ்வொரு விரலாக நிமிர்த்தினாள். ஆறாவது விரலில் இருமல் வந்துவிட்டது.

"ஆறுதான் வருது" என்றாள், தலையைக் குனிந்துகொண்டு.

"ஆறு போதும் அக்கா" என்றாள் ஜிபார். அந்த ஆறு விரல்களையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, அத்தனை விருந்தாளிகள் முன்னாலும் விம்மி விம்மி அழுதாள்.