புல்லட்டில் உட்கார்ந்த அழகம்மாள்

ஸ்கேனர் விளக்கு ஊர்ந்து முடித்ததும் கம்ப்யூட்டர் திரையில் அந்தப் பெண் வந்து உட்கார்ந்தாள். மீனலோசனி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தேவிட்டாள். ஆண்பிள்ளைக் கோட்டு, கழுத்தில் டை, சாய்த்து வைத்த தொப்பி, கறுப்புக் கண்ணாடி. உட்கார்ந்திருந்தது ஒரு புல்லட் மேல். கோட்டுக்குக் கீழே கண்டாங்கிச் சேலை அப்படியே தெரிந்தது. அதெல்லாம்கூடப் பெரிதில்லை, அந்தச் சிரிப்புதான். உலகத்தையே விலைக்கு வாங்கிவிட்டு, வீட்டுக்குத் தெரியாமல் ஒளித்து வைத்திருப்பவளின் சிரிப்பு அது.

மதுரை கே.கே. நகரில் ஒரு டிரஸ்ட் நடத்திய நூலகத்தில் மீனலோசனி நூலகர். அந்த 2003-ஆம் வருஷம் முழுக்க அவளுக்குத் தரையில் கால் பாவவில்லை. திருப்பரங்குன்றம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருந்த வீரணன் ஸ்டுடியோவின் பழைய நெகட்டிவ்கள் பெட்டி பெட்டியாக அவள் கைக்கு வந்திருந்தன. வீரணன் இறந்த பிறகு மகன் சங்கிலி ஸ்டுடியோவைப் பாதியாகச் சுருக்கி, மீதியில் செல்போன் விற்றார். நெகட்டிவைக் கழுவி வெள்ளி எடுக்கிற ஆள் ஒருவர் பெட்டிகளுக்கு விலை பேசிவிட்டுப் போயிருந்தார். அவர் திரும்பி வருவதற்குள் மீனலோசனி போய் உட்கார்ந்து, பேசிப் பேசியே சங்கிலியைக் கரைத்துவிட்டாள். ‘படங்கள் அனைத்தும் நூலகத்துக்கே’ என்று அவர் ஸ்டாம்ப் பேப்பரில் எழுதிக் கொடுத்தார். இனி என்ன வேண்டும்? எல்லாவற்றையும் இன்டர்நெட்டில் ஏற்றிவிடலாம், ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழா என்று முடிவாயிற்று. வாசலில் ஆளுயர போர்டு வைத்தார்கள். போர்டில் யார்? வேறு யார், புல்லட்டுக்காரிதான்.

போர்டு ஏறிய வாரமே வக்கீல் நோட்டீஸ் வந்தது. எழுமலையில் உரக்கடை வைத்திருக்கும் அழகுபாண்டி அனுப்பியிருந்தார். படத்தில் இருப்பது தன் மனைவி அழகம்மாள் என்றும், குடும்ப மானம் சந்தி சிரிக்கிறது என்றும், போர்டையும் படத்தையும் எடுக்காவிட்டால் வழக்கு என்றும் அதில் இருந்தது. மதுரைக்கு வந்த மச்சினன் பார்த்துவிட்டுப் போய்ச் சொல்லியிருக்கிறான்.

டிரஸ்ட் செயலாளர் ராதாகிருஷ்ணன் பட்டுச்சேலை வியாபாரி. நல்ல மனிதர்தான். ஆனால் பாகப்பிரிவினை வழக்கு ஒன்றில் அலைந்து ஓய்ந்ததிலிருந்து, வாய்தா என்ற சொல் காதில் விழுந்தாலே அவருக்கு வேர்த்துவிடும். போர்டை உடனே இறக்கச் சொன்னார். அதோடு விட்டாரா?

“ஒரு படத்துக்கே நோட்டீஸ் வருது. பெட்டியில இருக்கிற ஒவ்வொரு மூஞ்சியும் நோட்டீஸ் அனுப்புச்சுன்னா நான் எங்கம்மா போவேன்? எல்லாத்தையும் சங்கிலிகிட்டயே திருப்பிக் குடுத்துரு.”

திருப்பிக் கொடுத்தால் பெட்டிகள் எங்கே போகும் என்று மீனலோசனிக்குத் தெரியும். மொட்டையடித்த குழந்தைகள், மாலையும் கழுத்துமாய் நிற்கும் ஜோடிகள், புல்லட்டுக்காரி, எல்லோரும் வெள்ளிக்காரரின் அண்டாவுக்குள் போவார்கள். அவள் ராதாகிருஷ்ணனிடம் இரண்டு நாள் தவணை கேட்டுக்கொண்டு, கூடப் படித்த ரங்கநாயகியின் வீட்டுக்கு ஸ்கூட்டியை விரட்டினாள். ரங்கநாயகி ஜில்லா கோர்ட்டில் வக்கீல்.

இருவரும் வீட்டு மொழியான சௌராஷ்டிரத்தில் படபடவென்று பேசிக்கொண்டார்கள். ஸ்டாம்ப் பேப்பரைப் பார்த்ததும் ரங்கநாயகி சிரித்துவிட்டாள். மதுரையில் எந்த ஸ்டுடியோ ரசீதை எடுத்தாலும் ‘நெகட்டிவ் எங்களுக்கே சொந்தம்’ என்று அச்சடித்திருப்பார்கள். அதை நம்பித்தான் சங்கிலியும் எழுதிக் கொடுத்தார், மீனலோசனியும் வாங்கிக்கொண்டாள். ஆனால் சட்டம் வேறு மாதிரி சொல்கிறது. பிலிம் ஸ்டுடியோக்காரருடையதாக இருக்கலாம். படத்தின் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாத வரை, காசு கொடுத்து எடுக்கச் சொன்னவருக்குத்தான். வீரணன் தன் இஷ்டத்துக்கு எடுத்த தேரோட்டம், வைகை வெள்ளம் இவற்றைத்தான் சங்கிலி கொடுக்க முடியும்.

மீனலோசனிக்கு முதலில் பொசுக்கென்று போய்விட்டது. அடுத்த நிமிஷமே நிமிர்ந்து உட்கார்ந்தாள். அப்படியானால் புருஷன் என்பதற்காக அழகுபாண்டிக்கும் அந்தப் படம் சொந்தமில்லையே? காசு கொடுத்தது யார் என்பதுதானே கேள்வி? அதேதான் என்றாள் ரங்கநாயகி. உரிமை அந்தப் பெண்ணுடையதாகவே இருந்து, அவளும் வேண்டாம் என்றால், மறுபேச்சில்லாமல் எடுத்துவிட வேண்டும் என்றும் எச்சரித்து அனுப்பினாள்.

மறுநாள் காலை கைப்பையில் படத்தின் பிரிண்டோடு மீனலோசனி பஸ் ஏறினாள். உசிலம்பட்டியில் மாறி எழுமலையில் இறங்கும்வரை பிரிண்டை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டாள். அந்த அம்மா வேண்டாம் என்றுவிட்டால் எல்லாம் முடிந்தது. பயம் ஒரு பக்கம், அந்தச் சிரிப்புக்காரியை நேரில் பார்க்கப்போகிறோம் என்ற துள்ளல் ஒரு பக்கம். உண்மையைச் சொன்னால் துள்ளல்தான் அதிகம்.

உரக்கடை வாசலில் பளபளவென்று ஒரு புல்லட் நின்றது. உள்ளே முறுக்கு மீசையோடு அழகுபாண்டி. கல்லாவில் கண்ணாடி போட்ட ஒரு அம்மா பில் போட்டுக்கொண்டிருந்தார். அவர்தான் அழகம்மாள் என்று சத்தியம் செய்தாலும் நம்ப முடியாது. முகத்தில் சிரிப்பு இருந்ததற்கான தடயமே இல்லை.

நூலகத்திலிருந்து வருகிறேன் என்றதும் அழகுபாண்டி குரலை உயர்த்தினார். போர்டை இறக்கியாயிற்று என்றாள் மீனலோசனி. பிறகு எதற்கு வந்தாய் என்றார் அவர். மீனலோசனி கல்லாப் பக்கம் திரும்பினாள்.

“அக்கா, அந்தப் படம் எடுக்கச் சொல்லிக் காசு குடுத்தது யாரு?”

அழகுபாண்டிதான் முந்திக்கொண்டார். பொம்பளைப் பிள்ளை தனியாக ஸ்டுடியோவுக்குப் போகிற காலமா அது, அவள் அண்ணன் கூட்டிப்போயிருப்பான் என்றார். அழகம்மாள் பேனாவை மூடி வைத்தார்.

“எங்கண்ணனுக்கு விசயமே தெரியாது. நாந்தேன் குடுத்தேன். பருத்தி எடுத்த கூலி.”

அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கதை வந்தது. ஊர்ப் பெண்களோடு திருப்பரங்குன்றம் கோயிலுக்குப் போனவர், மற்றவர்கள் வரிசையில் நிற்கும்போது நழுவியிருக்கிறார். படம் எடுக்க ஸ்டுடியோவில் வைத்திருந்த கோட்டும் புல்லட்டும் ஆம்பளைகளுக்கு மட்டும்தான் என்று வீரணன் மறுத்திருக்கிறார். இவர் முழுக் காசையும் மேஜையில் வைத்ததும், வீரணன் காசைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், கோட்டை எடுத்துக் கொடுத்தார். ஒரு வாரம் கழித்து வரச் சொன்னாராம். அந்த வாரம்தான் அழகுபாண்டி வீட்டார் பெண் பார்க்க வந்தார்கள். படத்தை வாங்கப் போகவே முடியவில்லை.

“அப்ப நீங்க இத இன்னும் பாக்கவே இல்லையா?” மீனலோசனி பிரிண்டை எடுத்துக் கல்லா மேல் வைத்தாள்.

அழகம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு படத்தை எடுத்தார். பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் வந்ததே, அதே சிரிப்பு!

அழகுபாண்டி எட்டிப் பார்த்தார். அவர் குரல் இறங்கிவிட்டது. “நீ இப்படிச் சிரிச்சு நான் பாத்ததே இல்லையே.”

“புல்லட்டு வாங்கி எம்புட்டு வருசமாச்சு? ஒருநா ஏறி உக்காந்து பாக்குறியான்னு கேட்டீகளா? வக்கீலுக்கு எழுதயிலயாச்சும் எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டீகளா?”

அழகுபாண்டி வாசலில் நின்ற புல்லட்டைத் திரும்பிப் பார்த்தார். மீனலோசனி சட்டத்தை எடுத்துச் சொன்னாள். பிலிம் ஸ்டுடியோக்காரர் எங்களுக்குக் கொடுத்தது, படத்தின் உரிமை உங்களுடையது. வேண்டாம் என்று சொன்னால் கம்ப்யூட்டரிலிருந்துகூட அழித்துவிடுகிறேன் என்றாள்.

“எதுக்கு அழிக்கணும்? எறக்குன போர்ட மறுபடி ஏத்துங்க. கீழ எம்பேரு இருக்கணும். இன்னாரு பொண்டாட்டின்னு போடாதீக. அழகம்மாள்னு போடுங்க.” சம்மதத் தாளில் நிறுத்தி நிதானமாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

ராதாகிருஷ்ணன் அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, புருஷன் கையெழுத்து எங்கே என்று கேட்டார். அது தேவையே இல்லை என்று சொன்னபோது மீனலோசனிக்கு இருந்த மகிழ்ச்சியை அளக்கப் படி கிடையாது. ஒவ்வொரு குடும்பத்தையும் அழைத்து, படத்துக்கு உரியவர் சம்மதித்தால் மட்டும் இன்டர்நெட்டில் ஏற்றுவது, அதுவரை பெட்டிகள் நூலகத்திலேயே இருப்பது என்று பேசி அவரைச் சம்மதிக்க வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை நூலக வாசலில் கூட்டம் முட்டியது. எங்கள் தாத்தா படம் இருக்கிறதா, எங்கள் கல்யாணப் படம் இருக்கிறதா என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். அந்தக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு எழுமலை புல்லட் வந்து நின்றது. அழகம்மாள் பின்னாலிருந்து இறங்கி, போர்டிலிருந்த தன் பெயரை எழுத்தெழுத்தாகப் படித்தார். அழகுபாண்டி வண்டியை ஸ்டாண்டு போட்டு நிறுத்தி, மனைவியை முன் சீட்டில் ஏறி உட்காரச் சொன்னார். அப்புறம் கேமராவோடு நின்ற சங்கிலியைக் கூப்பிட்டார்.

“இவளை ஒரு படம் எடுப்பா. காசு நான் தாரேன்.” அவர் கை சட்டைப் பைக்குள் போனது.

புல்லட் மேலிருந்து அழகம்மாள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். “நீங்க குடுத்தா படம் உங்களுதாயிரும். நானே குடுக்குறேன்.” இடுப்புச் சுருக்குப்பையை அவிழ்த்துக் காசைச் சங்கிலியிடம் கொடுத்துவிட்டு, கேமராவைப் பார்த்துச் சிரித்தார்.